பத்துப் போத்தல்

ஞாயிறு காலை, குசினிக் குழாயடியில்
ஒவ்வொன்றாய் நிரப்புகிறேன்.
ஒரு லீட்டர் என்றால் ஒரு கிலோ.
கணக்கு நேர்மையானதுதான்,
முதுகுக்குத்தான் நம்பிக்கை வருவதில்லை.

மார்ச்சில் நான்கு போத்தல்.
வாரத்துக்கு ஒன்று கூட்டு என்றது பயிற்சித்தாள்.
ஆறில் முழங்கால் முறைத்தது.
ஐந்துக்கு இறங்கி, சமாதானம் பேசி,
மறுபடி ஏறினேன்.
இன்றைக்குப் பத்து.

கூர் நகரத்தின் கடைசி வீடுகளுக்குப் பின்னால்
மிட்டன்பெர்க்
கதவைத் திறந்ததும் முகத்தில் இடிக்கிற சுவர்போல.
பாதை கோணல் கோணலாய்ப் போகும்,
ஒரு கோணலிலும் இரக்கமில்லை.

உர்சினா முதல் வளைவில் காத்திருக்கிறாள்.
அவள் பையில் பன்னிரண்டு. சொல்லிக்காட்டமாட்டாள்.
தோளில் ஏற்றும்போது வருகிற அந்த ஒரு முனகல்
காட்டிக்கொடுத்துவிடும்.

விதி இதுதான்:
முறைப்பாடு தொடையிலிருந்து வரவேண்டும்,
நெஞ்சிலிருந்து வரக்கூடாது.
மூச்சு வாங்கினால் வேகம் பிழை.
ஏறிக்கொண்டே கதைக்க முடியவேண்டும்.

எங்களிடம் அவ்வளவு கதை இல்லை.
அவள் தண்டவாளம் பார்க்கிறவள்,
நான் ஆஸ்பத்திரி நிலவறையில்
கத்தரிகளையும் கவ்விகளையும் கிருமி நீக்குகிறவள்.
அதனால் வாய்ப்பாடு சொல்கிறேன்.

ஓரேழு ஏழு
ஈரேழு பதினாலு
மூவேழு இருபத்தொன்று, இதில் வேர்
நாலேழு இருபத்தெட்டு, இதில் ஆடுகிற கல்

ஏப்ரல் வரை உர்சினா
இதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து
தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னால் வந்தாள்.

எரிச்சல் என்று சொல்லமுடியாது இதை.
எரிச்சல் சீக்கிரம் முடிந்துவிடும்.
இது பழைய கடன்காரன்.
அவசரமே இல்லாமல் வாசலில் செருப்பைக் கழற்றி,
உள்ளே வந்து,
தொடைக்குள் சம்மணம் போட்டு உட்கார்கிறது.
தேநீர் கொடுத்தாலும் போகாது.
அதோடுகூட இருந்து பழகத்தான்
இந்த நாற்பது நிமிடம்.

போன ஆகஸ்ட் ஓட்டத்தில்,
முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில்
மூச்சு இருந்தது.
பையில் இரண்டு உருளைக்கிழங்கு இருந்தது.
மனம்கூட இருந்தது.
கால் இல்லை.
இறக்கத்தைப் பார்க்கப் பயந்து
முதுகைக் காட்டியபடி பின்பக்கமாய் இறங்கினேன்.
நேரம் முடிந்துவிட்டது என்று
நெஞ்சிலிருந்த எண்ணை வெட்டியெடுத்தார்கள்.
நான் தினமும் கழுவுகிற மாதிரிக் கத்தரிதான்.

ஐயேழு முப்பத்தைந்து
ஆறேழு நாற்பத்திரண்டு
ஏழேழு

ஏழேழு

உர்சினா மேலிருந்து திரும்பிப் பார்க்கிறாள்.
எண் மறந்தால் நிற்பது எங்கள் ஒப்பந்தம்.
நிற்கிறேன். கீழே ரைன் ஆறு
யாரோ போட்டுவிட்டு எடுக்க மறந்த நாடா.
நாற்பத்தொன்பது, என்கிறாள் அவள், ஜெர்மனில்.

திங்கட்கிழமை நிலவறைப் படியில்
கைப்பிடியைக் கட்டிப்பிடித்து இறங்கும்போது
மிர்யேத்தா கேட்பாள், யார் உன்னை அடித்தது?
நான்தான் என்பேன்.
அவள் நம்பாமல்
என் தட்டுகளில் பாதியைத் தன் பக்கம் இழுத்துவைப்பாள்.

உச்சி. குடிசைக்கு முன்னால் பலகை இருக்கை.
பையை அவிழ்த்து
ஒவ்வொரு மூடியாய்த் திறந்து கவிழ்க்கிறேன்.
இறக்கத்துக்குப் பாரம் வேண்டாம்,
முழங்கால் இன்னும் எத்தனையோ ஆண்டு வேண்டும்.

ஊன்றுகோல்களோடு வந்த ஒருவர் நின்றுவிட்டார்.
மூன்று வாரமாய் மழையில்லை, தெரியுமா?
தெரியும்.
பிறகு இங்கேவரை ஏன் சுமந்தாய்?
சுமப்பதற்காக.
அவர் உர்சினாவைப் பார்த்தார்,
உள்ளூர்க்காரி சரியான பதில் தருவாள் என்று.
அவள் பதினோராவது போத்தலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
பன்னிரண்டாவதை அவரிடம் நீட்டினாள்.
யோசித்துவிட்டு வாங்கிக் குடித்தார்.

வெற்றுப் போத்தல்கள் முதுகில் கடகடக்க
இறங்கத் தொடங்கினோம்.
கொட்டிய தண்ணீர் பாதை நடுவே
இலைச்சருகு ஒன்றைத் தூக்கிக்கொண்டு
எனக்கு முன்னால் விரைந்து ஓடியது.

முதல் வளைவுக்குள்
மண் அதைக் குடித்துவிட்டது.
சருகு அங்கேயே கிடந்தது.
தாண்டிப்போனேன்.

ஏழெட்டு ஐம்பத்தாறு.